ஆன்லைன் கிளாஸா, இன்ஃப்ளுயன்சரா? முடிவு எடுக்கறப்ப பண்ற தப்புங்க

நான் ஆற்காட்டுல இருந்து ஆரி எம்ப்ராய்டரி, அதாவது ஃப்ரேம்ல கட்டின துணியில கொக்கி ஊசியால போடற வேலை, ஆன்லைன்ல சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சி அஞ்சு வருஷம் ஆவுது. என் சித்தி பொண்ணு ஆம்பூர்ல இருக்கா, பிரியாணி கடை, மக்கன் பேடா, வாணியம்பாடி சாப்பாடுன்னு ரீல்ஸ் போடற இன்ஃப்ளுயன்சர், அதுலயே வீட்டு வாடகை கட்டி குடும்பம் நடத்தறா. அதனால எந்த விசேஷத்துக்கு போனாலும் யாராவது ஒரு அத்தையோ பெரியம்மாவோ எங்க ரெண்டு பேரையும் பக்கத்துல உக்கார வெச்சி "எம்பொண்ணு இதுல எதுக்கு போலாம் சொல்லுங்கம்மா"ன்னு கேட்டுடுவாங்க. ரெண்டு நிமிஷத்துல சொல்ற விஷயம் இல்ல இது, அதான் இங்க எழுதறேன்.

முதல் தப்பு, இது ரெண்டும் ஒரே வேலைன்னு நெனைக்கறது. நானே அப்டிதான் நெனைச்சேன். ஒரு கல்யாண ப்ளவுஸ்ல மயில் போட்ட ரீல் மூணு லட்சம் வியூஸ் போச்சு, கமெண்ட்ல எல்லாரும் "கிளாஸ் எடுங்கக்கா, எடுங்கக்கா"ன்னு கேட்டாங்க, நானும் நம்பி ஊசி, ஜரி, கட் பீட்ஸ் எல்லாம் நூறு பேருக்கு கிட் போட்டு வாங்கி வெச்சேன். சேந்தது ஏழு பேர். மீதி கிட் தீர ஒன்றரை வருஷம் ஆச்சு. அந்த ஏழு பேருக்கு சொல்லிக்கொடுத்தப்பதான் எனக்கு வித்தியாசம் புரிஞ்சுது. ரீல் பாக்கறவங்க என் கைய பாக்க வர்றாங்க, கிளாஸுக்கு வர்றவங்களுக்கு அவங்க கைய நான் பாக்கணும்.

ஒரு உதாரணம் சொல்றேன். திருப்பத்தூர்ல இருந்து ஒரு பொண்ணு, செயின் ஸ்டிச் போடறப்ப ஊசி துணிய இழுக்குது, நூல் அறுந்துக்கினே இருக்குதுன்னு ராத்திரி ஒன்பதரைக்கு அழுவுற மாதிரி வாய்ஸ் நோட் போட்டுச்சு. போட்டோ பாத்தா ஒண்ணும் தெரியல. போனை ஃப்ரேமுக்கு பக்கத்துல சாச்சி வெச்சி வீடியோ கால் வாம்மான்னு சொன்னேன். வந்தா, துணி நடுவுல தொங்குது, அதோட ஊசிய திருப்பாம நேரா மேல இழுக்குது, கொக்கி எல்லா வாட்டியும் துணியில மாட்டுது. துணிய தட்டினா மேளம் மாதிரி சத்தம் வரணும், மொதல்ல இறுக்கி கட்டுன்னு சொல்லி, அப்பறம் ஊசிய உள்ள விட்டு கீழ நூலை கொக்கியில மாட்டி அப்டியே திருப்பி எடுக்க சொல்லி சொல்லி, நாப்பது நிமிஷம் ஆச்சு அறுவாம பத்து தையல் வர. அந்த நாப்பது நிமிஷத்தை யாரும் லைக் பண்ண மாட்டாங்க, ஆனா அதுதான் வேலையே. அதுல உங்களுக்கு சந்தோஷம் வருதான்னு பாருங்க, எரிச்சல்தான் வருதுன்னா கிளாஸ் பக்கம் வராதீங்க, உங்களை நம்பி காசு கட்டறவங்க பாவம்.

இப்போ சித்தி பொண்ணு வேலைய பாருங்க. கடையில மொத அண்டா தம் திறக்கற ஷாட் வேணும்னா அது ஒரே வாட்டிதான். மேல இருக்கற தணலை தள்ளி மூடிய தூக்கறப்ப ஆவி வரும், சீரக சம்பா உதிரி உதிரியா தெரியும், அதை விட்டா அன்னிக்கி அவ்ளோதான். அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே வெறகு அடுப்பு பக்கத்துல வேலூர் மே மாச வெயில்ல நின்னுக்கினு இருப்பா. அப்பறம் எடிட், கடைக்காரர் சொல்ற மாத்தம், பிராண்டுன்னா ஸ்கிரிப்ட் அப்ரூவல் நாலு வாட்டி, பேமெண்ட் ரெண்டு மாசம் கழிச்சி. அவளுக்கு காசு குடுக்கறது பாக்கற ஜனங்க இல்ல, கடைக்காரரும் பிராண்டும். அப்போ ரேட் பேசத் தெரியணும், குடுக்காத காசை கூச்சப்படாம கேக்கத் தெரியணும். இங்கதான் நம்ம ஊரு பொண்ணுங்க நெறைய பேர் தப்பு பண்றாங்க, ஒரு குக்கர் குடுத்தா, ஒரு பொடவை குடுத்தா போதும்னு மாசக்கணக்குல வீடியோ போட்டுக்கினு இருக்காங்க. குக்கரை வெச்சி கரண்ட் பில் கட்ட முடியாது.

வியூஸ் காசை நம்பறது அடுத்தது. யூடியூப்ல விளம்பர பங்கு வரணும்னா 1000 சப்ஸ்கிரைபரும், 12 மாசத்துல 4000 மணி நேரம் வாட்ச் டைமும் வேணும், இல்லன்னா ஷார்ட்ஸ்ல 90 நாள்ல 1 கோடி வியூஸ். அது வந்தாலும் நீள வீடியோவுல 55 சதவீதம், ஷார்ட்ஸ்ல 45 சதவீதம்தான் நமக்கு, அக்கவுண்ட்ல 100 டாலர் சேந்தாதான் கைக்கு வரும். அதைவிட பெரிய பயம், ஆப் நம்மளது இல்ல. 2020 ஜூன் 29 அன்னிக்கி டிக்டாக் தடைன்னு அறிவிச்சாங்க, லட்சக்கணக்குல ஃபாலோயர் வெச்சிருந்தவங்களுக்கு ஒரே ராத்திரியில ஒண்ணுமே இல்லாம போச்சு. கிளாஸ் எடுக்கறவங்களுக்கும் இது உண்டு, அதனாலதான் நான் ஸ்டூடண்ட் நம்பரெல்லாம் ஒரு நோட்டுல தனியா எழுதி வெச்சிருக்கேன்.

சட்டம் பத்தி சுருக்கமா. காசோ பொருளோ வாங்கினு போடற வீடியோவுல விளம்பரம்னு தெளிவா சொல்லணும், ஏமாத்தற விளம்பரம்னு ஆச்சுன்னா மொத வாட்டி 10 லட்சம் வரைக்கும் அபராதம் போட முடியும். ஒரு கம்பெனி வருஷத்துல 20,000 ரூபாய்க்கு மேல பொருள் குடுத்தா அதுக்கு 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே புடிக்கற வருமான வரி, உண்டு, 2022 ஜூலைல இருந்தே. டிஎன்பிஎஸ்சி, நீட் மாதிரி கோச்சிங் எடுக்கறவங்க "கண்டிப்பா பாஸ், வேலை உறுதி"ன்னு போட்டா 2024 நவம்பர்ல வந்த விதிப்படி அது தப்பு. விதி இல்லன்னாலும் தப்புதான், எத்தனை அப்பாங்க கடன் வாங்கி ஃபீஸ் கட்டறாங்க.

கிளாஸ் எடுக்கறவங்க பண்ற தப்புல எனக்கு ரொம்ப வலிக்கறது, ரெக்கார்டிங்கை 299க்கு வித்துட்டு அதுக்கு கோச்சிங்னு பேர் வெக்கறது. வீடியோவா வித்தா வீடியோன்னு சொல்லி விக்கலாம், தப்பே இல்ல. டவுட் கேட்டா பாக்க ஆள் இருக்குன்னு சொல்லிட்டு குரூப்புல மூணு நாளு பதில் இல்லாம விடக்கூடாது. நான் ஒரு பேட்ச்சுக்கு பதினஞ்சு பேருக்கு மேல எடுக்கறதில்ல, பதினாறாவது ஆளு கையை என்னால பாக்க முடியாது. ஃபீஸும் அதுக்கு ஏத்த மாதிரி வெச்சேன், மொதல்ல பக்கத்து வீட்டக்காவே "இவ்ளோவா"ன்னு கேட்டாங்க, இப்போ அவங்க மருமவ என் பேட்ச்சுலதான் இருக்கு.

கடைசியா, கைல இருக்கற வேலைய விட்டுட்டு எறங்கறது. போன வாரம் வாலாஜாவுல இருந்து ஒரு தங்கச்சி கேட்டுச்சு, ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனியில வேலை, நல்லா மெஹந்தி போடும், வேலைய விட்டுடட்டாக்கான்னு. விடாதன்னு சொன்னேன். ரெண்டு மாசம் ஞாயித்துக்கெழம தெருவுல நாலு பேருக்கு சொல்லிக்கொடு, மத்த நாள்ல தெனம் ஒரு ரீல் போடு, ஒரு நோட்டுல ரெண்டு பக்கம் கோடு போட்டு எதுல எவ்ளோ நேரம் போச்சு, எதுல எவ்ளோ காசு வந்துச்சு, யார் குடுத்தாங்கன்னு எழுதிக்கினே வா, அப்பால பேசலாம்னேன். நேத்து நோட்டுல மொத பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பிச்சிது. ரீல்ஸ் பக்கத்துல எட்டு மணி நேரம், காசு ஒண்ணுமில்ல. கிளாஸ் பக்கத்துல மூணு மணி நேரம், இருநூறு ரூபா, அதுக்கு கீழ பென்சில்ல "ரெண்டாவது வீட்டு பாப்பாவுக்கு கோன் புடிக்க வரல, வர்ற வாரம் சின்ன கோன் சுத்தி எடுத்துனு போவணும்"னு எழுதியிருந்துச்சு.