ஒட்டியதா, உள்ளே போனதா? ஒட்டுண்ணி ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைப்பெட் முனையை மாற்ற மறப்பது, குழாயில் பெயர் எழுதாமல் விடுவது எல்லாம் இரண்டு முறை அடிபட்டால் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். ஒட்டுண்ணி செல் ஒரு மூலக்கூறை எப்படிப் பிடித்து உள்ளே எடுக்கிறது என்று பார்க்கப் புதிதாக வருபவர்கள், எங்கள் காலத்துப் பிழைகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். பேச்சு பெரும்பாலும் ஆப்பிரிக்கத் தூக்க நோயைத் தரும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணியான டிரிப்பனோசோமா புருசியைப் பற்றியே இருக்கும்.

ஒட்டியதை உள்ளே போனதாக எண்ணுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான்.

ரத்தத்தில் வாழும் டிரிப்பனோசோமாவின் உடல் முழுக்க விஎஸ்ஜி என்ற புரதம் போர்த்தியிருக்கிறது. ஒரு செல்லில் சுமார் 1 கோடி மூலக்கூறுகள். நினைத்த இடத்திலெல்லாம் அதனால் விழுங்க முடியாது. நீந்த உதவும் கசையிழை வெளியே வரும் இடத்தில் சவ்வு உள்வாங்கி ஒரு சிறு பை இருக்கிறது. மொத்தப் பரப்பில் அதிகம் போனால் 5 சதவீதம். உள்ளெடுப்பதெல்லாம் அந்தப் பை வழியாகத்தான். இரும்பைச் சுமந்து வரும் டிரான்ஸ்ஃபெரினைப் பிடிக்கும் ஏற்பியும் முக்கியமாக அங்கேதான் இருக்கிறது.

வம்பு இங்கேதான் தொடங்குகிறது. நுண்ணோக்கியில் அந்தப் பை செல்லுக்கு நடுவில் இருப்பது போலத் தெரியும். ஆனால் அதில் கிடப்பது இன்னும் வெளியேதான் இருக்கிறது. சட்டைப் பையில் கையை விட்டால் கை உடம்புக்குள் போய்விடுமா என்ன?

ஆய்வு மாணவர் ஒருவர் பச்சைச் சாயம் ஏற்றிய டிரான்ஸ்ஃபெரினைக் கொடுத்து, பச்சைப் புள்ளி பளிச்சென்று தெரியும் படத்தோடு வந்தார். “உள்ளே போயிடுச்சு சார்.” குளிரில் செல் எதையும் விழுங்காது; அதனால் ஐஸில் வைத்த செல்களைக் காட்டச் சொன்னேன். அதிலும் அதே இடத்தில் அதே புள்ளி. “ஐஸ் சரியா குளிரல போல” என்றார். ஐஸ் நன்றாகத்தான் குளிர்ந்திருந்தது. பையில் ஒட்டிய டிரான்ஸ்ஃபெரின்தான் ஒளிர்ந்தது. அதற்குள் அவர் மொத்த ஒளியை மட்டும் அளந்து, ஒரு மருந்து உள்ளெடுப்பைத் தடுக்கவில்லை என்று ஒதுக்கிவிட்டிருந்தார். மருந்து தடுத்துக்கொண்டுதான் இருந்தது. உள்ளே போக முடியாத டிரான்ஸ்ஃபெரின் பையிலேயே தங்கி, மொத்தக் கணக்கைச் சமன் செய்துவிட்டது. மாதக்கணக்கான வேலை வீண்.

வெப்பநிலையை மாற்றி மாற்றிப் பாருங்கள். கான்கனவாலின் ஏ என்ற லெக்டினை (சர்க்கரைகளில் ஒட்டும் புரதம்) கொடுத்தால் 4 டிகிரியில் பையோடு நிற்கும், 12 டிகிரியில் விழுங்கியதை ஏந்தும் குமிழான முதல் எண்டோசோம் வரை போகும், 37 டிகிரியில் அதைச் செரிக்கும் லைசோசோமை எட்டும். டிஎன்ஏ சாயமும் சேர்த்துப் போட்டால் பின்முனைப் பக்கம் கைனெட்டோபிளாஸ்ட் (மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ திரள்) சின்னப் புள்ளியாகவும், நடுவில் உட்கரு பெரிதாகவும் தெரியும். ஒளி கைனெட்டோபிளாஸ்டை ஒட்டியே நின்றால் சந்தேகப்படுங்கள்; பை இருப்பது அதன் பக்கத்தில்தான். அது உட்கருவை நோக்கி நகர்ந்து, லைசோசோம் புரதமான பி67 இருக்கும் இடத்தில் விழுந்தால் அப்புறம் பேசலாம்.

இடம் மாறிவிட்டது என்பதையும் உள்ளெடுப்பு என்று எழுதிவிடாதீர்கள். விஎஸ்ஜி மேல் ஒட்டிய ஆன்டிபாடியை, ஒட்டுண்ணி நீந்தும் வேகத்தில் எதிர்ப்படும் திரவமே பின்பக்கம் தள்ளிக்கொண்டு போய்ப் பையருகே சேர்க்கும். விழுங்குவது அதற்கு அடுத்த கட்டம்.

சீரத்தோடு சோதிப்பது

வளர்ப்பு ஊடகத்தில் இருக்கும் கன்றுச் சீரத்தில் (ரத்தத்தின் தெளிநீர்) மாட்டு டிரான்ஸ்ஃபெரின் தாராளமாக உண்டு. நீங்கள் சாயம் ஏற்றிய டிரான்ஸ்ஃபெரினோடு அது போட்டி போடும். கழுவத்தான் வேண்டும். ஆனால் குளுக்கோஸ் இல்லாத கரைசலில் கழுவாதீர்கள். ரத்த வடிவ டிரிப்பனோசோமா குளுக்கோஸை உடைத்துத்தான் பிழைக்கிறது. அது இல்லாவிட்டால் சீக்கிரமே செத்துப்போகும்.

செத்த செல்லை எண்ணுவது

சவ்வு கிழிந்த செல் எதையும் உள்ளே விடும். சவ்வு கிழிந்த செல்லில் மட்டும் ஏறும் சாயமான புரோப்பிடியம் அயோடைடு ஏறியவற்றைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

மனித செல் பாடத்தை அப்படியே ஏற்றுவது

நம் செல்களில் டிரான்ஸ்ஃபெரின் இரும்பை இறக்கிவிட்டு, ஏற்பியோடு மேற்பரப்புக்குத் திரும்பிவிடும். டிரிப்பனோசோமாவில் ஏற்பி மட்டும்தான் திரும்பும்; டிரான்ஸ்ஃபெரின் லைசோசோமில் சிதைகிறது. அதனால் நேரம் கூடக் கூட ஒளியும் கூடும் என்று காத்திருக்காதீர்கள். சேர்வதைப் பார்க்க வேண்டுமென்றால் புரதத்தைச் சிதைக்கும் நொதிகளை நிறுத்தும் புரோட்டியேஸ் தடுப்பான் வேண்டும்.

எஃப்ஐடிசி சாயம்

பச்சையாக ஒளிரும் இந்தச் சாயம் அமிலத்தில் மங்கும். லைசோசோம் அமிலமானது. அதனால் உள்ளே போனதும் போகாதது போலத் தெரியும்.

எந்தச் சவ்வு என்று சொல்லாமல் விடுவது

மலேரியா பக்கம் போகிறவர்களுக்கு இது. பிளாஸ்மோடியம் உட்கார்ந்திருக்கும் சிவப்பணுவில் மூன்று சவ்வுகளைத் தாண்ட வேண்டும்: சிவப்பணுவினுடையது, ஒட்டுண்ணியைச் சுற்றியுள்ள குமிழினுடையது, ஒட்டுண்ணியினுடையது. சார்பிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹால் சிவப்பணுவுக்குள் புகுவதை வைத்து ஒட்டுண்ணி அதை உண்கிறது என்று எழுதுகிறார்கள். அது சிவப்பணுச் சவ்வில் புதிதாகத் திறந்த வழியைத்தான் காட்டுகிறது. ஒட்டுண்ணியின் சொந்தச் சவ்வைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் மற்ற இரண்டு சவ்வுகளையும் துளைக்கும் சப்போனின் போட்டு ஒட்டுண்ணியை வெளியே எடுத்து, தனியாகச் சோதியுங்கள்.

சாயமேற்றாத மூலக்கூறைச் சேர்த்துப் பார்க்காதது

சாயமேற்றாத அதே மூலக்கூறைப் பல மடங்கு சேர்த்த பிறகும் ஒளி குறையவில்லையா? நீங்கள் பார்ப்பது அந்த ஏற்பியின் வேலையாக இருக்க வாய்ப்பில்லை. சும்மா ஒட்டியிருக்கும், அல்லது திரவத்தோடு சேர்ந்து பைக்குள் வந்திருக்கும். ஏற்பியில் ஒட்டாத டெக்ஸ்ட்ரானை வைத்து ஒரு குழாய் தனியாக ஓட்டினால் திரவத்தோடு எவ்வளவு வருகிறது என்பது தெரிந்துவிடும்.