பழைய எம்.பி. கடிதம் கையில் கிடைத்தால் செய்யக் கூடாதவை

இலங்கையின் வன்னியில் பழைய கடிதம் மிஞ்சியிருப்பதே பெரிய விஷயம். இடப்பெயர்வுகளில் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு ஓடிய சனம், கடிதக்கட்டை எங்கே தூக்குவது? அப்படியும் பெரியப்பாவின் றங்குப் பெட்டியில், அந்தக் கால நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் அவருக்கு எழுதிய ஏழு கடிதங்கள் தப்பியிருந்தன.

முதல் தவறை நாங்களே செய்தோம். கிழியாமல் இருக்கட்டுமென்று ஒன்றை லெமினேட் பண்ணக் கொடுத்தோம். சூட்டில் மை மங்கிவிட்டது. இனி பிளாஸ்டிக்கைப் பிரிக்கவும் வழியில்லை. செலோடேப்பும் வேண்டாம், அது பழுப்பேறித் தாளையும் கெடுக்கும். துருப்பிடித்த குண்டூசியைக் கழற்றி, மடிப்பை விரித்து, தாள் உறைக்குள் போட்டு, கறையான் எட்டாத இடத்தில் வைத்தால் போதும்.

கடித உறையை எறியாதீர்கள். எங்களிடம் உள்ள ஒரு கடிதத்தில் திகதி இருக்க வேண்டிய இடத்தில் ‘செவ்வாய்’ என்று மட்டுமே இருக்கிறது. தபால் முத்திரைதான் ஆண்டைச் சொன்னது. உறை இல்லாவிட்டால் தாளின் தலைப்பில் சபையின் பெயரைப் பாருங்கள். ‘பிரதிநிதிகள் சபை’ என்றால் 1972 வரை, ‘தேசிய அரசுப் பேரவை’ என்றால் 1972க்கும் 1978க்கும் இடையில். மிஞ்சிய பழைய தாளிலும் எழுதியிருக்கலாம் என்பதால் இதை மட்டும் நம்ப முடியாது. இன்னொன்று, கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். முந்திய கடிதத்தில் அது யாழ்ப்பாண மாவட்டம் என்றிருந்தால், பிழையென்று திருத்தப் போகாதீர்கள்.

பெரிய தவறு வாசிப்பதில்தான் நடக்கிறது. தெரிந்தவருக்கு எழுதியது மேடைப் பேச்சு அல்ல. அதில் சலிப்பு வரும், கோபம் வரும், முகத்துக்காகச் சொன்ன வாக்கும் வரும். ‘அமைச்சருடன் கதைத்துவிட்டேன், துருசு வேலை அடுத்த போகத்துக்குள் முடியும்’ என்று ஒரு கடிதத்தில் கண்டதும், எங்கள் குளத்துத் துருசை (நீர் திறக்கும் மதகை) கட்டியவர் இவர்தான் என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டோம். எட்டு மாதம் கழித்து வந்த கடிதத்திலும் அதே ‘கதைத்துவிட்டேன்’! ஒற்றைக் கடிதத்தை நம்பினால் இப்படித்தான். கட்டு முழுவதையும் வரிசையாக வாசித்து, ஹன்சார்டையும் (நாடாளுமன்ற உரைப் பதிவு) அந்த வாரத்து வீரகேசரி, ஈழநாடு பத்திரிகைகளையும் பக்கத்தில் வையுங்கள். சபையில் ஒன்று, கடிதத்தில் இன்னொன்று என்றிருந்தால் உடனே இரட்டை நாக்கு என்று சொல்லவேண்டாம். எந்தப் பதவியிலிருந்து எழுதினார் என்று பாருங்கள். 1947இல் வவுனியாவில் வென்ற சி. சுந்தரலிங்கம் பிரதமர் டி.எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் இருந்தவர், 1948இல் விலகியவர். அப்படிப்பட்ட ஒருவர் விலகும் முன் எழுதியதையும் பின் எழுதியதையும் ஒரே மாதிரி வாசிக்க முடியுமா?

பேஸ்புக்கில் போட அவசரம் வேண்டாம். தாள் உங்களுடையது, எழுத்தின் உரிமை எழுதியவருடையது. இலங்கைச் சட்டப்படி அவர் இறந்து 70 ஆண்டு வரை அது நீடிக்கும். கடிதத்தில் காணிப் பிணக்கில் பெயர் வந்த அயலவரின் பிள்ளைகளும் அதே ஊரில்தான் இருப்பார்கள்.

சரி, ஸ்கேன் பண்ணும்போது பின்பக்கத்தை விட்டுவிடாதீர்கள். நாலாவது கடிதத்தின் பின்னால் பெரியப்பா பென்சிலால் பதிலுக்கு ஒரு வரைவு எழுதி, பாதியை வெட்டியிருந்தார்: ‘ஐயா, துருசு இன்னும் அப்படியேதான் இருக்கிறது.’