ஏற்காட்டு நடைக்கு மெல்லிய ஜாக்கெட்: ஊதிப் பார்த்து வாங்குங்கள்

“ஜாக்கெட் வாங்கப் போகிறேன்” என்று கிளம்பியபோது, “அளவு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டாயா?” என்று கேட்டார் என் மாமியார். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு முதல் பொருள் சேலைக்குப் போடுவதுதான். நான் வாங்கப் போனது மற்றது. முன்னால் ஜிப் வைத்து, சுடிதாருக்கோ டி-ஷர்ட்டுக்கோ மேலே போட்டுக்கொண்டு மலை நடக்கிற மெல்லிய மேல்சட்டை. ஆனாலும் மாமியார் கேள்வியில் ஒரு நியாயம் இருந்தது. சேலை ஜாக்கெட்டுக்குக் கை எத்தனை அங்குலம், அக்குள் எவ்வளவு பிடிக்கிறது என்று தையல்காரரிடம் அரைமணி நேரம் வாதாடும் நாம், இந்த ஜாக்கெட்டை மட்டும் நிறம் பார்த்துத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் வந்தேன். மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு மே மாதம். கடைப் பையன், “அக்கா, ஒரு சொட்டு உள்ளே இறங்காது” என்று சத்தியம் செய்தான். அவன் பொய் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு அதைப் போட்டுக்கொண்டு கிளியூர் அருவிக்கு இறங்கினேன். அருவியில் தண்ணீர் நூலளவுதான் இருந்தது. திரும்பி ஏறும்போது என் மேலே அதைவிட அதிகம் ஓடியது. மேலே வந்து கையைத் தொங்கவிட்டதும் முழங்கை மடிப்பில் தேங்கிய வியர்வை மணிக்கட்டு வழியாக வடிந்து விரல் நுனியில் சொட்டியது. ஜிப்பைத் திறந்தேன், மலைக்காற்று பட்டது, பல் கிட்டிப்போனது. கத்திரி வெயில் காலத்தில் குளிர் நடுக்கம்!

அன்று மாலை அப்பாவிடம் அந்த ஜாக்கெட்டைக் காட்டினேன். சேலம் அம்மாப்பேட்டையில் நாற்பது வருடம் தறியில் உட்கார்ந்தவர். துணியை இரண்டு விரலால் நிமிண்டினார், வெளிச்சத்தில் பிடித்தார், பிறகு வாயருகே கொண்டுபோய் ஊதினார். அவர் கன்னம்தான் உப்பியது. “உரச்சாக்குக்கு ஜிப் வைத்திருக்கிறார்கள்” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஜாக்கெட் வாங்குவதில் எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி அந்த ஊதலில் ஆரம்பித்ததுதான்.

முதலில் நமக்கு எதற்காக இது வேண்டும் என்பதைப் பார்த்துவிடலாம். சேலம் கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்கும் கீழே. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆக, அடிவாரத்தில் வியர்த்து வழிந்தபடி பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி இறங்கும்போது எட்டு டிகிரி குறைந்திருக்கும். ஆனால் வெயில் குறைவதில்லை. ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. குளிர்ச்சியாக இருக்கிறதே என்று சேர்வராயன் கோயில் மேட்டில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, கழுத்து கருகிய பிறகுதான் அது புரியும். ஆகவே நமக்கு வேண்டியது கதகதப்பு தருகிற உடை இல்லை. வெயிலை மறைக்க வேண்டும், மேட்டில் அடிக்கிற காற்றைக் கொஞ்சம் தடுக்க வேண்டும், உள்ளே ஊறுகிற வியர்வையை வெளியே விட வேண்டும். மூன்றாவதில்தான் பெரும்பாலான ஜாக்கெட்டுகள் தோற்கின்றன.

ஊதிப் பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன். ஜாக்கெட்டின் உள்பக்கத்தை உதடு படாமல் வாயருகே வைத்துக்கொள்ளுங்கள். மறுபக்கத்தில் ஒரு விரற்கடை தள்ளிப் புறங்கையைப் பிடியுங்கள். சூடான காப்பியை ஆற்றுகிற அளவுக்கு ஊதுங்கள். புறங்கையில் காற்று தாராளமாக வந்து அடித்தால் அது வேட்டித் துணிபோல நெகிழ்ந்த நெசவு. சேலத்தில் காலை நடைக்கு அருமை. ஏற்காட்டில் லேடிஸ் சீட் என்கிற காட்சிமுனையின் விளிம்பில் நிற்கும்போது போதாது. மெல்ல ஒரு வெதுவெதுப்பு மட்டும் வந்து தொட்டால் அதுதான் நமக்கானது. ஒன்றுமே வராமல் துணி உப்பினால் மறுபேச்சு வேண்டாம், மாட்டிய இடத்திலேயே மாட்டிவிடுங்கள். உள்ளே லைனிங் இருந்தால் இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஊத வேண்டும். கடையில் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

துணியின் ஒரு பக்கம் மட்டும் மினுமினுவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். அநேகமாக அது சூடான உருளைகளுக்கு நடுவே அழுத்தி எடுத்த துணி. நெடுக்கே ஓடும் பாவு நூலுக்கும் குறுக்கே ஓடும் ஊடை நூலுக்கும் நடுவே இருக்கும் சின்னஞ்சிறு கண்கள் அந்த அழுத்தத்தில் நசுங்கி அடைபட்டுவிடும். காற்றைத் தடுப்பதற்காக வேண்டுமென்றே செய்வதுதான். வேகமாக வண்டியில் போகிறவர்களுக்கு அது நல்லது, ஏற்றத்தில் மூச்சு வாங்க நடக்கிறவர்களுக்கு ஆகாது.

வீட்டில் ஏற்கெனவே ஜாக்கெட் இருக்கிறதா? ஒரு டம்ளரில் முக்கால் பங்கு கொதிநீர் ஊற்றி, ஜாக்கெட் துணியை அதன் வாயில் இழுத்துப் பிடித்து, மேலே உலர்ந்த கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் மேல் டம்ளர் மூடுபனிபோல வெளுத்தால் துணி ஆவியை விடுகிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. விலை உயர்ந்த மழை ஜாக்கெட்டுகள் சில, ஊதினால் தேறாது, ஆவியில் தேறிவிடும். அவற்றின் உள்ளே இருக்கும் மெல்லிய படலம் காற்றை விடாது, நீராவியை மட்டும் விடும். ஆனால் ஆவி வெளியேறுவதற்கு வெளியே காற்று உலர்ந்திருக்க வேண்டும். ஏற்காட்டில் மேகம் தரையிறங்கி, எதிரே இருக்கிற சில்வர் ஓக் மரம்கூடத் தெரியாத நேரத்தில் அது பாதி வேலைகூடச் செய்யாது. அதனால்தான் சொல்கிறேன், நம் கோடைக்கு ‘வாட்டர்ப்ரூஃப்’ என்ற சொல்லுக்காகப் பணத்தைக் கொட்ட வேண்டாம். கோடை மழை வந்தால் அரைமணி நேரத்தில் விட்டுவிடும். பையில் ஒரு குடை போதும். தண்ணீர் பட்டால் முத்துமுத்தாக உருண்டு விழுகிற மேற்பூச்சு இருந்தால் தூறலுக்கு அதுவே தாங்கும்.

இனி நூல். இதில் எனக்கும் அப்பாவுக்கும் இன்னும் சண்டை தீரவில்லை. பருத்தியைத் தவிர வேறு எதையும் அவர் துணியாகவே ஒப்புக்கொள்ள மாட்டார். சேலத்து உலர்ந்த வெயிலுக்கு அவர் சொல்வது சரி. வியர்வையைப் பருத்தி உறிஞ்சும், அது காய்கிறபோது உடம்பு குளிரும். மெல்லிய பருத்தியிலோ லினனிலோ தொளதொளவென்று ஒரு முழுக்கைச் சட்டை இருந்தால், கீழே நடப்பதற்கு ஜாக்கெட்டே தேவையில்லை. மலையில்தான் கதை மாறுகிறது. சாதாரண ஈரக் காற்றிலேயே 100 கிராம் பருத்தி ஏழெட்டு கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நைலான் சுமார் நான்கு கிராம், பாலியஸ்டர் அரை கிராம்கூட இல்லை. பனியிலும் வியர்வையிலும் நனைந்த பருத்தி மலை மேல் லேசில் காயாது, முதுகோடு ஒட்டிக்கொண்டு சில்லிடும். எனவே மலைக்கு நெய்த பாலியஸ்டர் அல்லது நைலான், கூடவே நீட்சி தரும் எலாஸ்டேன் கொஞ்சம் கலந்திருந்தால் நல்லது. பாலியஸ்டருக்கு ஒரு குறை, வியர்வை நாற்றம் அதை விட்டுப் போகாது. அதை ஒளிப்பதில் பிரயோசனம் இல்லை.

எடையைச் சமையலறைத் தராசில் பார்க்கலாம். துணிக்கு ஜி.எஸ்.எம். என்று ஒரு கணக்கு போட்டிருப்பார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் அது. 120க்கு மேல் போனால் நம் கோடைக்குக் கனம். முழு ஜாக்கெட் 200 கிராமுக்குள், அதாவது நான்கு முட்டை எடைக்குள் இருந்தால், கழற்றிச் சுருட்டிப் பையில் போட்டது மறந்தே போகும். என் இப்போதைய ஜாக்கெட் 180 கிராம், திருப்பூர் ஏற்றுமதி மிச்சம் விற்கிற கடையில் 650 ரூபாய்க்குக் கிடைத்தது. லேபிளை வெட்டிவிட்டிருந்தார்கள். ஊதிப் பார்த்துத்தான் எடுத்தேன்.

எவ்வளவு நல்ல துணியானாலும், ஏறும்போது ஊறுகிற வியர்வை முழுவதையும் அதுவே விட்டுவிடாது. காற்று புகுந்து போக வாசல் வேண்டும். அக்குளுக்குக் கீழே ஜிப் இருந்தால் முதல் தரம். இல்லாவிட்டால் முதுகில் தோளுக்குக் கீழே ஒரு மடிப்புத் திறப்பும் அதற்குள் வலைத்துணியும் இருக்கிறதா என்று பாருங்கள். முதுகுப்பை மாட்டுகிறவர்களுக்கு அது பையின் கீழே மூடிக்கொள்ளும், அவர்களுக்கு அக்குள் ஜிப்தான் கதி.

இப்போது மாமியார் விஷயத்துக்கு வருகிறேன்: அளவு. பெண்களுக்கென்று தைப்பவற்றில் பல, இடுப்பை ஒடுக்கிக் காட்டுவதற்காகவே வெட்டப்பட்டவை. உடம்போடு ஒட்டினால் காற்று எங்கே ஓடும்? மார்புச் சுற்றளவுக்கு ஏற்றதை எடுத்து, அதற்கும் ஒரு அளவு கூடுதலாகப் போட்டுப் பாருங்கள். பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிப்பதுபோல இரண்டு கையையும் தூக்குங்கள். கீழ் விளிம்பு வயிற்றுக்கு மேலே ஏறினாலோ முதுகில் இழுத்தாலோ வேண்டாம்.

எந்த வழிகாட்டியிலும் எழுதாத சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். சுடிதார் டாப் ஜாக்கெட்டுக்குக் கீழே முழங்கால்வரை தொங்கும். அடியில் எலாஸ்டிக் வைத்த ஜாக்கெட் அதை இடுப்பில் கவ்விக் கொசுவம்போலச் சுருட்டும், படியேறும்போது கால் தட்டும். கீழிருந்தும் திறக்கிற இருபக்க ஜிப் இருந்தால் இரண்டு அங்குலம் மேலே தள்ளிவிட்டு விசாலமாக நடக்கலாம். அடுத்தது தாலிக்கொடி. ஜிப்பின் உச்சியில், முகவாய் படுகிற இடத்தில், ஒரு துணி மடிப்பு ஜிப்பை மூட வேண்டும். அது இல்லாத ஜாக்கெட்டில் என் தோழி ஒருத்தியின் கொடி சிக்கி, பகோடா பாயின்ட்டில் நான்கு பேர் சூழ்ந்து நின்று பல் பல்லாகப் பிரித்தெடுத்தோம். மூன்றாவது, ஜாக்கெட்டோடு வருகிற தலைமூடி, அதாவது ‘ஹூட்’. கொண்டையோ தடித்த சடையோ இருக்கிறவர்கள் அதைப் போட்டபடியே தலைமூடியை மாட்டிப் பார்க்க வேண்டும். கொண்டை பின்னால் இழுத்தால் முன்விளிம்பு நெற்றிக்கு மேலே போய்விடும், வெயிலுக்கும் தூறலுக்கும் பயன் இல்லை. வளையல் போடுகிறவர்களுக்கு இறுக்கமான மணிக்கட்டு எலாஸ்டிக் ஆகாது, ஒட்டிப் பிரிக்கிற பட்டை நல்லது. பாக்கெட்டுக்குள் கையை விட்டுப் பாருங்கள். பெண்கள் உடை தைப்பவர்கள் பலருக்குப் பாக்கெட் என்பது ஓவியம், வெளியே மூடி இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

வெயில் மறைப்புக்கு யு.பி.எஃப். என்று எண் போட்டிருப்பார்கள். 50 என்றால் புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான் உள்ளே வரும். எண் இல்லாவிட்டால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பின்னால் இருக்கிற விரல்கள் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் கதிரும் புகும். கறுப்பும் கருநீலமும் கதிரை நன்றாக மறைக்கும், ஆனால் சூட்டை வாங்கும். வெள்ளையில் காப்பித் தோட்டத்துச் செம்மண் ஏறினால் அடுத்த ஜென்மத்தில்தான் போகும். நான் மஞ்சளுக்கு வந்து சேர்ந்தேன். நாகலூர்ப் பக்கம் லூப் ரோட்டில் பனியில் நடக்கும்போது வளைவில் வருகிற வண்டிக்காரருக்கு நான் தெரிய வேண்டும் அல்லவா. பச்சையும் சாம்பலும் அந்தச் சாலைக்கு வேண்டாம்.

ஸ்கூட்டரில் மலையேறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தத் துணி வெயிலைத் தடுக்கும், விழுந்தால் தோலைக் காக்காது. கொண்டை ஊசி வளைவில் வண்டி ஓட்டுவதற்கான காப்பு ஜாக்கெட் வேறு கடை, வேறு கணக்கு.

துவைப்பது சுலபம். நடந்து வந்த அன்றே பச்சைத்தண்ணீரில் அலசுங்கள், உப்பு காய்ந்து படிய விடாதீர்கள். நாற்றம் பிடிப்பது அப்படித்தான். சோப்பு கொஞ்சம் போதும். வாசனைக்காக மென்மையூட்டும் திரவம் ஊற்றினால் தண்ணீரை உருட்டிவிடும் மேற்பூச்சு மங்கிவிடும். நிழலில் காயப் போடுங்கள்.

அந்த உரச்சாக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தூக்கி எறிய மனம் வரவில்லை, 1,800 ரூபாய். எங்கள் தெருத் தையல்காரரிடம் கொண்டுபோனேன். இரண்டு அக்குளிலும் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி எடுத்து, விளையாட்டு பனியன் தைக்கிற வலைத்துணியை வைத்துத் தைத்தார். முதுகில் குறுக்காக ஒரு திறப்பு போட்டு அங்கேயும் வலை வைத்தார். கூலி 150 ரூபாய். ஏறுவதற்கு அது இப்போதும் ஆகாது, இறங்குவதற்குப் பரவாயில்லை. “அளவு ஜாக்கெட் எங்கே?” என்று அவரும் கேட்டார்.