மருந்து பழகுவது உடலுக்கா, வைரஸுக்கா?

‘மாத்திரை உடம்புக்குப் பழகிவிட்டது, அதனால்தான் கேட்கவில்லை’ என்பவர்கள் உண்டு. எச்.ஐ.வி சிகிச்சையில் நடக்கும் பல தவறுகளுக்கு இந்த நினைப்பே வேர். மருந்தை எதிர்த்து நிற்பது வைரஸ். உடலுக்கு அதில் பங்கில்லை. இந்த வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது அடிக்கடி பிழை செய்யும். சிகிச்சை பெறாத உடலில் ஒரு நாளைக்குச் சுமார் 1,000 கோடி வைரஸ்கள் உருவாகின்றன. அத்தனை பிழைகளில் ஏதோ ஒன்று மருந்திலிருந்து தப்பும் வழியாகிவிடும். இரத்தத்தில் மருந்து அரைகுறையாக இருந்தால் தழைப்பது அப்படிப் பிழையால் மாறிய வைரஸ், அதாவது அந்தத் திரிபுதான்.

மாத்திரையை நிறுத்தினால் எல்லா மருந்தும் ஒன்றாக வெளியேறிவிடும் என்று எண்ண வேண்டாம். எஃபவிரென்ஸ், லாமிவுடின் ஆகிய எச்.ஐ.வி மருந்துகள் கலந்த கூட்டு மாத்திரையை நிறுத்தினால் லாமிவுடின் சில நாட்களில் வடிந்துவிடும். எஃபவிரென்ஸோ ஒரு வாரத்தைத் தாண்டியும் தங்கும். தனித்து நிற்கும் அதை வெல்ல, கே103என் என்ற ஒற்றைத் திரிபே போதும். அதே திரிபு நெவிராபின் என்ற மருந்தையும் செயலிழக்கச் செய்யும், அதாவது இதுவரை தொட்டே பார்க்காத ஒரு மருந்தும் கைநழுவிப் போகிறது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் டோலுடெக்ராவிர் என்ற மருந்தைச் சிகிச்சையின் முதல் தேர்வாக வைக்க, இந்த வகை எதிர்ப்பு பெருகியதும் ஒரு காரணம்.

டோலுடெக்ராவிரை வைரஸ் எளிதில் மீறுவதில்லை. அதற்காக அலட்சியம் கூடாது. அலுமினியமோ மக்னீசியமோ உள்ள அமிலநீக்கி மருந்தைச் சேர்த்து விழுங்கினால், டோலுடெக்ராவிர் குடலில் சரியாக உறிஞ்சப்படாது. அமிலநீக்கிக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போதான் இதைச் சாப்பிட வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் தொடங்கினால், அது இரத்தத்தில் டோலுடெக்ராவிரின் அளவைக் குறைத்துவிடுவதால், டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராமை ஒரு வேளைக்குப் பதில் இரு வேளை தருவார்கள். வேறு நோய்க்கு வேறு மருத்துவரிடம் போகும்போது ‘எதற்குச் சொல்ல வேண்டும்’ என்று எச்.ஐ.வி மருந்து சாப்பிடுவதை மறைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

வைரஸ் அளவு ஒரு முறை ஏறியதுமே மருந்தை மாற்றச் சொல்லி வற்புறுத்துவதும் தவறு. விட்டுப்போன வேளைகள்தான் பெரும்பாலும் காரணம். அதைச் சரிசெய்து மறுபடி சோதித்தால் இறங்கிவிடக்கூடும். உண்மையாகவே தோற்றுப்போன கூட்டு மருந்தில் புதிதாக ஒரே ஒரு மருந்தைச் செருகுவது அதைவிட மோசம். அந்தப் புது மருந்து தனியாளாகப் போராடி, அதுவும் வீணாகும்.

எந்த மருந்தை வைரஸ் எதிர்க்கிறது என்று காட்டும் எதிர்ப்புப் பரிசோதனைக்கு முன் மாத்திரையை நிறுத்திவிட்டு வருபவர்களும் உண்டு. மருந்தின் நெருக்கடி விலகியதும் திரிபில்லாத பழைய வைரஸே பெருகி, திரிபு உள்ளதை மறைத்துவிடும். அறிக்கை சுத்தமாக வரும். திரிபோ செல்களுக்குள் ஒளிந்திருக்கும். மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, தவறினால் நிறுத்திய நான்கு வாரங்களுக்குள், இரத்தம் கொடுக்க வேண்டும்.

பரிசோதனையில் லாமிவுடினை எதிர்க்கும் எம்184வி திரிபு தெரிந்தும் மருத்துவர் லாமிவுடினைத் தொடர்ந்தால், கவனக்குறைவு என்று சண்டைக்குப் போக வேண்டாம். அந்தத் திரிபைச் சுமக்கும் வைரஸ் பெருகும் வேகத்தில் தளர்ந்துபோகிறது. டெனோஃபோவிர் என்ற மற்றொரு மருந்துக்கும் சற்றுக் கூடுதலாகவே அடங்குகிறது. தோற்றுப்போன மருந்தை அவர் விட்டுவைப்பது, வைரஸை அந்தத் தளர்ச்சியிலேயே கட்டிப்போடத்தான்.