லிஸ்ப் ப்ராம்ப்டிலிருந்தே லைப்ரரி தேடுவது எப்படி?

தமிழ்க் குறுக்கெழுத்துப் புதிருக்குக் கட்டம் போட்டுத் தரும் ஒரு சின்ன நிரலை காமன் லிஸ்ப் என்ற நிரல்மொழியில் எழுதத் தொடங்கினேன். முதல் நாளே ஓர் இடத்தில் முட்டிக்கொண்டது. 'தமிழ்' என்ற சொல்லுக்கு மூன்று கட்டம் வேண்டும். லெங்த் ஃபங்ஷனிடம் கேட்டால் 5 என்கிறது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோட் குறியீடுகளை அது தனித்தனியாக எண்ணுகிறது. அப்படியானால் எழுத்தெழுத்தாகப் பிரிக்க ஏதாவது வேண்டும். சொற்பட்டியல் ஜேசன் (தரவை எழுதிவைக்கும் ஓர் உரை வடிவம்) கோப்பில் இருந்ததால் அதைப் படிக்கவும் ஒரு லைப்ரரி, அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல், வேண்டும்.

உலாவியில் தேடினேன். பத்து வருடம் பழைய பரிந்துரைகளும் நின்றுபோன பக்கங்களும்தான் கிடைத்தன. அப்புறம்தான் ப்ராம்ப்டிலேயே, அதாவது லிஸ்ப் கட்டளை தட்டும் இடத்திலேயே, தேட முடியும் என்று கற்றுக்கொண்டேன். அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை எல்லாம் ஒலிப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். 'க்யூஎல்' என்றால் க்யூ, எல் என்ற இரண்டு எழுத்து, அதை ஒட்டி முக்காற்புள்ளி.

தயார் செய்துகொள்வது

எஸ்பிசிஎல் கம்பைலர் வேண்டும். உபுண்டு, டெபியனில் ஆப்ட் மூலம் ஒரே வரியில் வந்துவிடும். அடுத்து க்விக்லிஸ்ப். ஜாக் பீன் என்பவர் 2010இல் வெளியிட்ட லைப்ரரி மேலாளர் இது; இன்று 1500க்கும் மேற்பட்ட லைப்ரரிகள் இதன் வழியாகக் கிடைக்கின்றன. அதன் தளத்திலிருந்து நிறுவல் கோப்பை இறக்கி, எஸ்பிசிஎல்லில் லோட் செய்து, இந்த இரண்டையும் ஓட்டுங்கள்:

(க்விக்லிஸ்ப்-க்விக்ஸ்டார்ட்:இன்ஸ்டால்)
(க்யூஎல்:ஆட்-டு-இனிட்-ஃபைல்)

இரண்டாவது வரியை விட்டுவிடாதீர்கள். அதை ஓட்டினால்தான் அடுத்த முறை எஸ்பிசிஎல் திறக்கும்போது க்விக்லிஸ்ப் தானாக வரும்.

இன்னொன்று, எஸ்பிசிஎல்லை வெறுமனே டெர்மினலில் திறந்தால் மேல் அம்புக்குறியை அழுத்திப் பழைய வரியைக் கொண்டுவர முடியாது. ஆர்எல்ராப் என்ற சிறு கருவியை நிறுவி, அதன் வழியாகத் திறங்கள். ஈமாக்ஸ் எடிட்டரும் அதற்குள் லிஸ்ப் ஓட்ட உதவும் ஸ்லைமும் இதைவிட நல்லவை, நான் தினமும் அவற்றில்தான் வேலை செய்கிறேன். ஆனால் லிஸ்ப், ஈமாக்ஸ் இரண்டையும் ஒரே வாரத்தில் கற்கச் சொல்வது புதியவருக்குச் செய்யும் கொடுமை. முதலில் ஆர்எல்ராப் போதும்.

முதலில் வீட்டுக்குள் தேடுங்கள்

க்விக்லிஸ்ப்பில் தேடுவதற்கு முன், உங்கள் லிஸ்ப்பில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதற்கு மொழியோடு வரும் ஃபங்ஷன் அப்ரோபோஸ். ஒரு சொல்துண்டைக் கொடுத்தால், அது பெயரில் வரும் எல்லாச் சிம்பல்களையும் (ஃபங்ஷன், மாறி போன்றவற்றின் பெயர்களை) காட்டும்.

நான் இதைச் செய்யவில்லை. எழுத்துப் பிரிப்பதற்கு நேராக க்விக்லிஸ்ப்பில் 'யூனிகோட்' என்று தேடி, கிடைத்ததை இறக்கி, அதன் ஆவணத்தோடு இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். பிறகு வேறு எதையோ தேடும்போது இதைத் தட்டினேன்:

(அப்ரோபோஸ் "கிராஃபீம்")

எஸ்பிசிஎல்லுக்கு உள்ளேயே, எஸ்பி-யூனிகோட் என்ற பேக்கேஜில் (பெயர்களைத் தொகுத்து வைக்கும் பெட்டி), கிராஃபீம்ஸ் என்று ஒரு ஃபங்ஷன் உட்கார்ந்திருக்கிறது. படிக்கும் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரியும் அலகை யூனிகோட் உலகில் கிராஃபீம் என்பார்கள்.

(எஸ்பி-யூனிகோட்:கிராஃபீம்ஸ் "தமிழ்")

மேற்கோளுக்குள் இருக்கும் சொல்லை மட்டும் தமிழிலேயே தட்டுங்கள். விடை: ("த" "மி" "ழ்"). மூன்று கட்டம். எந்த லைப்ரரியும் தேவைப்படவில்லை.

அப்ரோபோஸின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். இப்போது நினைவகத்தில் ஏற்றப்பட்டிருப்பதை மட்டுமே அது பார்க்கும். இறக்காத லைப்ரரியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. 'ஜேசன்' என்று அதில் தேடி ஒன்றும் வராவிட்டால், லிஸ்ப்பில் ஜேசன் லைப்ரரியே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

வெளியே தேடுவது

வெளியே இருப்பதைத் தேட க்விக்லிஸ்ப்பின் சொந்த அப்ரோபோஸ் இருக்கிறது:

(க்யூஎல்:சிஸ்டம்-அப்ரோபோஸ் "ஜேசன்")

வரிசையாகப் பட்டியல் ஓடும். ஒவ்வொரு வரியிலும் மூன்று பகுதி: சிஸ்டத்தின் (ஒரே பெயரில் ஏற்றக்கூடிய நிரல் அலகு) பெயர், அது எந்த வெளியீட்டில் வருகிறது, எந்தத் தொகுப்புப் பதிப்பிலிருந்து வருகிறது. சிஎல்-ஜேசன், எஸ்டி-ஜேசன் எல்லாம் கண்ணில் படும்.

இங்கேதான் ஒரு பெரிய ஓட்டை. நான் இன்று பயன்படுத்தும் ஜேசன் லைப்ரரி இந்தப் பட்டியலில் வரவே வராது. அதன் பெயர் ஜெட்ஸான். ஆங்கிலத்தில் எஸ் இருக்க வேண்டிய இடத்தில் இசட் போட்டிருக்கிறார்கள். யாசன், ஜொனாதன், ஷாஷ்ட் ஆகியவையும் ஜேசன் படிக்கும் லைப்ரரிகள்தான். ஒன்றின் பெயரிலும் அந்த நான்கு எழுத்துகள் அப்படியே வரிசையாக இல்லை. இணையப் பக்கங்களை எடுத்துவரும் டிராக்மாவும் இப்படித்தான், 'எச்டிடிபி' என்று தேடினால் அகப்படாது. லிஸ்ப்காரர்கள் குழந்தைக்குப் பெயர் வைப்பதுபோல லைப்ரரிக்கும் பெயர் வைக்கிறார்கள். பெயர் அழகாக இருக்கும், வேலை என்னவென்று சொல்லாது.

விளக்கத்தில் தேட முடியாதா என்று எனக்கும் தோன்றியது. க்விக்லிஸ்ப் கோப்புறைக்குள் டிஸ்ட்ஸ், அதற்குள் க்விக்லிஸ்ப், அதில் சிஸ்டம்ஸ் என்ற உரைக்கோப்பைத் திறந்து பாருங்கள். ஒரு வரிக்கு ஒரு சிஸ்டம்: திட்டத்தின் பெயர், கோப்பின் பெயர், சிஸ்டத்தின் பெயர், பின்னால் அது சார்ந்திருக்கும் மற்ற சிஸ்டங்கள். விளக்கம் என்று ஒரு சொல்கூட அதில் கிடையாது. அதனால்தான் தேடல் பெயரோடு நின்றுவிடுகிறது.

ஆனால் வரியின் கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். யார் யாரைச் சார்ந்திருக்கிறார்கள் என்பது முழுதாக அங்கே இருக்கிறது. பெயர் மறைப்பதை உறவு காட்டிக்கொடுத்துவிடும்.

(க்யூஎல்:ஹூ-டிபெண்ட்ஸ்-ஆன் "யூசாக்கெட்")

யூசாக்கெட் என்பது வலை இணைப்புக்கான அடித்தள லைப்ரரி. வலையோடு பேசும் பெரும்பாலான லிஸ்ப் லைப்ரரிகள் அதன் தோளில்தான் நிற்கின்றன. இந்த ஒரு வரியில் டிராக்மா, டெக்ஸடார், ஹன்சன்டூட் எல்லாம் வந்து விழும். முதல் இரண்டும் பக்கங்களை எடுத்துவருபவை, மூன்றாவது வலைச் சேவையகம். அடித்தளத்தைத் தெரிந்துகொண்டால் மேலே கட்டியவற்றைக் கண்டுபிடித்துவிடலாம்.

இதே கட்டளைக்கு இன்னொரு பயனும் உண்டு. ஒரே வேலைக்கு ஐந்து லைப்ரரி இருக்கும்போது எதை எடுப்பது? ஒவ்வொன்றையும் எத்தனை பேர் நம்பியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்:

(லெங்த் (க்யூஎல்:ஹூ-டிபெண்ட்ஸ்-ஆன் "யாசன்"))

சோதனைக்காக மட்டும் இருக்கும் சிஸ்டங்களும் இந்த எண்ணிக்கையில் சேரும், ஆகவே இதைத் துல்லியமான தரவரிசையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். புதிதாக வந்த நல்ல லைப்ரரிக்கு எண் குறைவாகவும் இருக்கும். ஜெட்ஸானை நான் எண்ணைப் பார்த்து எடுக்கவில்லை. ஜேசனின் அணியை (அர்ரே) வெக்டராகவும் பொருளை (ஆப்ஜெக்ட்) ஹாஷ் டேபிளாகவும், அதாவது சாவி-மதிப்பு அட்டவணையாகவும், நேராகத் தருவது பிடித்ததால் எடுத்தேன். சிஎல்-ஜேசன் சாவிகளை எல்லாம் கீவேர்ட் சிம்பல்களாக மாற்றிவிடுகிறது. தமிழ்ச் சொற்களையே சாவியாக வைத்திருக்கும் எனக்கு அது சரிப்படாது.

ஏற்றிய பிறகு வரும் சிக்கல்

என்னை அதிகம் அலைக்கழித்த இடம் இது, நிதானமாகப் படியுங்கள். ஏற்றுவது எளிது:

(க்யூஎல்:க்விக்லோட் "காம்.இனுஓயி.ஜெட்ஸான்")

சார்ந்திருப்பவற்றையும் சேர்த்து இறக்கி, கம்பைல் செய்து, ஏற்றிவிடும். ஆனால் ஏற்றும்போது கொடுத்த பெயர் சிஸ்டத்தின் பெயர். ஃபங்ஷனை அழைக்கும்போது முன்னால் போடவேண்டியது பேக்கேஜின் பெயர். இரண்டும் வேறாக இருக்கலாம். ஜெட்ஸானில் இரண்டும் ஒன்றாக இருப்பது நம் அதிர்ஷ்டம். சிஎல்-ஜேசனை அந்தப் பெயரில் ஏற்றிவிட்டு, வெறும் 'ஜேசன்' என்ற முன்னொட்டோடும் அழைக்கலாம். பேக்கேஜின் பெயரை யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். லிஸ்ப்பிடமே கேட்டுவிடலாம். ஏற்றுவதற்கு முன் இதைத் தட்டுங்கள்:

(டெஃப்வார் முன்பு (லிஸ்ட்-ஆல்-பேக்கேஜஸ்))

ஏற்றிய பின்:

(செட்-டிஃபரன்ஸ் (லிஸ்ட்-ஆல்-பேக்கேஜஸ்) முன்பு)

புதிதாக வந்த பேக்கேஜ்கள் மட்டும் தெரியும். துணைக்கு வந்தவற்றின் பேக்கேஜ்களும் கலந்திருக்கும், பார்த்தவுடன் பிரித்துவிடலாம். இங்கே 'முன்பு' என்ற மாறியை மட்டும் தமிழிலேயே தட்டலாம். எஸ்பிசிஎல் தமிழ்ப் பெயரை மறுப்பின்றி ஏற்கும். முதல்முறை அது வேலை செய்தபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

அடுத்த பொறி. ஏற்றுவதையும் பயன்படுத்துவதையும் ஒரே அடைப்புக்குள் எழுதாதீர்கள்:

(ப்ராக்என் (க்யூஎல்:க்விக்லோட் "சிஎல்-ஜேசன்") (ஜேசன்:டிகோட்-ஜேசன்-ஃப்ரம்-ஸ்ட்ரிங் "[1,2]"))

புதிதாகத் திறந்த எஸ்பிசிஎல்லில் இதைத் தட்டினால், ஜேசன் என்று ஒரு பேக்கேஜே இல்லை என்று பிழை வரும். ஏற்றும் கட்டளைதான் முதலில் இருக்கிறதே என்று நான் வெகுநேரம் விழித்தேன். லிஸ்ப் ஒரு வரியை இரண்டு கட்டமாகக் கையாளுகிறது. முதலில் வாசிப்பான் வெளி அடைப்பு முடியும்வரை முழுவதையும் வாசிக்கிறது, அதன்பிறகுதான் ஓட்டுகிறது. வாசிக்கும்போதே 'ஜேசன்:' என்ற முன்னொட்டுக்கு உரிய பேக்கேஜ் இருந்தாக வேண்டும். ஏற்றும் கட்டளையோ இன்னும் ஓடவே இல்லை. ஏற்றுவதைத் தனியாகத் தட்டி, அது முடிந்தபின் அடுத்ததைத் தட்டினால் பிரச்சினை தீர்ந்தது. கோப்பில் எழுதினாலும் இதே விதிதான்.

பிழை வந்ததும் ப்ராம்ப்டின் நட்சத்திரக் குறி போய், பூஜ்ஜியமும் சதுர அடைப்பும் வந்து நிற்கும். அது டீபக்கர், பிழையை ஆராயும் இடம். அங்கேயே நின்று மேலும் தவறாகத் தட்டினால் எண் ஏறிக்கொண்டே போகும். கண்ட்ரோலோடு டி அழுத்தினால் ஒரு படி வெளியே வரலாம்.

உள்ளே என்ன இருக்கிறது?

பேக்கேஜின் பெயர் தெரிந்தபின் மீண்டும் அப்ரோபோஸ்தான், இந்த முறை எல்லை வகுத்து:

(அப்ரோபோஸ் "பார்ஸ்" :காம்.இனுஓயி.ஜெட்ஸான்)

பிடித்த பெயரை மேற்கோள் குறியோடு டிஸ்க்ரைபிடம் கொடுத்தால் அதன் உள்ளீடுகளும் ஆவண வரியும் வரும். நீளமான பேக்கேஜ் பெயரை ஒவ்வொரு முறையும் தட்டாமலிருக்க, எஸ்பி-எக்ஸ்ட் பேக்கேஜில் ஆட்-பேக்கேஜ்-லோக்கல்-நிக்நேம் இருக்கிறது. ஒருமுறை சுருக்கப்பெயர் வைத்துவிடுங்கள்.

ஜெட்ஸானைப் பயன்படுத்துபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. பார்ஸுக்கு வெறும் சரமாகக் கோப்பின் பெயரைக் கொடுத்தால், அந்தப் பெயரையே ஜேசன் என்று எண்ணிப் படிக்கப் பார்க்கும். சரத்துக்கு முன்னால் ஹாஷ் குறியும் பி எழுத்தும் சேர்த்துப் பாத்நேமாகக் கொடுங்கள். இன்னொன்று, கோப்பில் மதிப்பில்லை என்பதைக் குறிக்கும் 'நல்', லிஸ்ப்பில் பொய்யைக் குறிக்கும் நில்லாக வராது, நல் என்ற சிம்பலாக வரும். அது உண்மை என்றே மதிக்கப்படும். குறிப்பு எழுதாத சொற்களுக்கும் என் நிரல் குறிப்பு இருப்பதாக அச்சிட்டது இதனால்தான்.

பின்சேர்க்கைகள்

புதிய லைப்ரரி கிடைக்கவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். உங்கள் கணினியில் இருப்பது நீங்கள் கடைசியாகப் புதுப்பித்த நாளின் பட்டியல், தேடல் அதற்குள்தான் நடக்கும். (க்யூஎல்:அப்டேட்-டிஸ்ட் "க்விக்லிஸ்ப்") தட்டிவிட்டு மறுபடி தேடுங்கள். அப்போதும் இல்லையென்றால் அல்ட்ராலிஸ்ப் என்ற இன்னொரு தொகுப்பைச் சேர்க்கலாம், அது மிக அடிக்கடி புதுப்பிக்கப்படுகிறது. சேர்க்கும்போது முகவரியை எச்டிடிபி என்றே தொடங்குங்கள். கடைசியில் எஸ் சேர்த்தால் க்விக்லிஸ்ப்பால் இணைய முடியாது.

ப்ராம்ப்டில் வேலை செய்வது ஸ்கிரிப்ட்டாக ஓட்டும்போது க்யூஎல் பேக்கேஜே இல்லை என்கிறது என்று இன்னொரு கேள்வி. ஸ்கிரிப்ட் விருப்பத்தோடு திறந்தால் எஸ்பிசிஎல் உங்கள் தொடக்கக் கோப்பைப் படிக்காது. க்விக்லிஸ்ப்பின் செட்டப் கோப்பை ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் நீங்களே லோட் செய்ய வேண்டும்.

'பக்ஷி' மூன்று கட்டமாக வருகிறதே என்றும் கேட்டார்கள். கிராஃபீம் விதிப்படி க் ஒன்று, ஷி ஒன்று; ஸ்ரீயும் அப்படியே ஸ், ரீ என்று பிரியும். பட்டியலில் 'க்' வந்து அடுத்தது ஷகரத்தில் தொடங்கினால் இரண்டையும் ஒட்டிவிடும்படி ஒரு சிறு லூப் எழுதினேன், ஸ்ரீக்கும் அதையே செய்தேன். இப்போது பக்ஷி என் புதிரில் இரண்டு கட்டத்தில் உட்காருகிறது.