துருவக் கடல்நீரில் கரைந்த தனிமங்களின் சுழற்சியைக் கண்டறிவது எப்படி

துருவக் கடலில் 200 மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்த ஒரு லிட்டர் நீரில் இவ்வளவு நைட்ரேட், இவ்வளவு சிலிசிக் அமிலம் (சிலிக்கானின் கரைந்த வடிவம்), இவ்வளவு இரும்பு என்று அளந்துவிட்டால் மட்டும் அவற்றின் சுழற்சி விளங்கிவிடாது. அந்த நீர் எங்கிருந்து வந்தது, கடைசியாக எப்போது காற்றைத் தொட்டது, வழியில் பனிநீர் கலந்ததா, உயிரினங்கள் அதிலிருந்து எதை எடுத்துக்கொண்டன என்பவை தெரிந்த பிறகே அந்த எண்களுக்குப் பொருள் கிடைக்கும். ஆகவே தனிமத்தைத் தேடுவதற்கு முன்பு நீரை அடையாளம் காண வேண்டும். புதிதாக இத்துறைக்கு வருபவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொண்டுதான் குழம்புகிறார்கள்.

நீரை அடையாளம் காண வெப்பநிலை, உப்புத்தன்மை, கரைந்த ஆக்சிஜன் ஆகிய மூன்றும் போதும். அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள தென்பெருங்கடலில் கோடைக்காலத்தில் கருவியை இறக்கினால், முதலில் சற்றே வெதுவெதுப்பான, உப்புக் குறைந்த மேலடுக்கு தென்படும். அதற்குக் கீழே, ஏறத்தாழ 50 முதல் 150 மீட்டருக்குள், வெப்பநிலை திடீரெனக் குறைந்து, தென்கோடியில் உறைநிலையான −1.8 டிகிரி செல்சியஸை நெருங்கும். இது சென்ற குளிர்காலத்து மேற்பரப்பு நீரின் எச்சம். இதைக் குளிர்கால நீர் என்பார்கள். அதற்கும் கீழே வெப்பநிலை மீண்டும் உயர்ந்து 0 டிகிரியைத் தாண்டும், உப்புத்தன்மை 34.6 அல்லது 34.7 (ஒரு கிலோ நீரில் ஏறத்தாழ அத்தனை கிராம் உப்பு) ஆகும், ஆக்சிஜன் குறையும். துருவத்தைச் சுற்றி ஓடும் ஆழ்நீர் அதுதான். பல நூறு ஆண்டுகளாக மேலிருந்து விழுந்து சிதைந்தவற்றின் நைட்ரேட்டையும் சிலிசிக் அமிலத்தையும் சுமந்துகொண்டு, மேற்குக் காற்றின் இழுப்பால் மேலேறி வருகிறது. இந்த மூன்று அடுக்குகளும் எந்தெந்த ஆழத்தில் தொடங்கி முடிகின்றன என்பதைத் தாளில் குறித்துக்கொண்ட பிறகே மாதிரி எடுக்கும் ஆழங்களை முடிவு செய்யுங்கள். சமமான இடைவெளியில் எடுப்பதைவிட அடுக்குகளின் எல்லைகளில் நெருக்கமாக எடுப்பதே பயன் தரும்.

அடுத்ததாக, எந்தத் தனிமத்தைத் தொடர்வது என்பது. நைட்ரஜன், பாஸ்பரஸ், சிலிக்கான், காட்மியம், துத்தநாகம் போன்றவை மேற்பரப்பில் உயிரினங்களால் எடுக்கப்பட்டு, ஆழத்தில் திரும்பக் கரைந்து சேர்பவை. அலுமினியம், ஈயம் போன்றவை மூழ்கும் துகள்களில் ஒட்டிக்கொண்டு நீரைவிட்டு வெளியேறுபவை. சோடியம், மக்னீசியம் போன்றவை உப்புத்தன்மை செல்லும் வழியிலேயே செல்வதால் சுழற்சியைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. இரும்பு முதல் இரண்டு வகைகளின் இயல்பையும் ஒருங்கே கொண்டது. உயிரினங்களுக்கு அது வேண்டும். துகள்களிலும் அது ஒட்டும். கரிமப் பிணைப்பு மூலக்கூறுகள் பற்றிக்கொள்வதால்தான் கரைந்த நிலையில் ஓரளவேனும் நிற்கிறது. தென்பெருங்கடலில் நைட்ரேட் மிகுந்திருந்தும் நுண்பாசிகள் ஏன் குறைவாக இருக்கின்றன என்ற கேள்விக்கு இரும்புப் பற்றாக்குறையே விடை என்று கடலியலாளர் ஜான் மார்ட்டின் 1980களின் இறுதியில் முன்வைத்தார். 1999-இல் அங்கேயே கடலில் இரும்பு சேர்த்து நடத்திய சோதனையில் பாசிகள் செழித்து வளர்ந்தன. துருவக் கடலைப் படிக்க வருபவர்கள் மற்ற எதைத் தவிர்த்தாலும் இரும்பைத் தவிர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் இரும்பை அளப்பதற்குப் பெரும் பொறுமை வேண்டும். திறந்த தென்பெருங்கடலின் மேற்பரப்பில் ஒரு லிட்டரில் 0.1 நானோமோல் அளவுக்கே அது கரைந்திருக்கும். அதாவது ஒரு கிராமை 100 கோடிப் பங்காக்கினால் அதில் ஐந்தாறு பங்கு. நீங்கள் நிற்பதோ துருப்பிடிக்கும் இரும்புக் கப்பல். எனவே எஃகுக் கம்பியையும் எஃகுச் சட்டத்தையும் விலக்கி, செயற்கை இழைக் கயிற்றையும் டைட்டானியச் சட்டத்தையும் பயன்படுத்துகிறார்கள். உள்ளே டெஃப்ளான் பூசிய மாதிரிக் குடுவைகள் மூடிய நிலையில் மேற்பரப்பைக் கடந்து, ஆழத்தில் திறந்துகொள்கின்றன. மேற்பரப்பில் மிதக்கும் கப்பலின் அழுக்கு உள்ளே புகாமலிருக்கவே இந்த ஏற்பாடு. மேலே வந்ததும் வடிகட்டிய காற்று ஓடும் தூய அறைக்குள் அவற்றைக் கொண்டு சென்று, 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியின் வழியாக நீரை இறக்க வேண்டும். நாம் கரைந்தது என்று சொல்வது உண்மையில் இந்த வடிகட்டியைத் தாண்டியது என்று மட்டுமே பொருள்படும். மிக நுண்ணிய கூழ்மத் துகள்களும் அதில் அடங்கும்.

நீரைச் சேமிக்கும் பாலித்தீன் போத்தல்களை அழுக்கு நீக்கும் சோப்புக் கரைசலிலும் பின்னர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் வாரக்கணக்கில் ஊறவைத்து, மிகத் தூய நீரால் அலசி, இரண்டு பைகளுக்குள் இட்டுக் கரையிலிருந்தே எடுத்துச் செல்ல வேண்டும். மாதிரி எடுக்கும்போது இருவர் தேவை. ஒருவர் வெளிப்பையை மட்டும் தொட்டுத் திறந்து பிடிப்பார். மற்றவர் புதிய கையுறையுடன் உள்பையையும் போத்தலையும் மட்டுமே தொடுவார். போத்தலை மாதிரி நீராலேயே மூன்று முறை அலசிய பிறகு நிரப்ப வேண்டும். இந்த நேரத்தில் தூய கைக்காரர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்யக் கையை உயர்த்தினால்கூடக் கையுறையை மாற்றியாக வேண்டும். இது மிகையான கெடுபிடியாகத் தோன்றலாம். கடலில் ஈயத்தின் அளவைப் பற்றி முன்பு நிலவிய எண்கள் பெரும்பாலும் மாசின் எண்கள்தான் என்பதைப் புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சன் காட்டிய வரலாற்றை அறிந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. நிரப்பியபின் மிகத் தூய அமிலம் சேர்த்து பிஎச் அளவை (அமிலத்தன்மை கூடக் குறையும் எண்) 2-க்குக் கீழே கொண்டுவந்து, பல மாதங்கள் வைத்திருந்த பிறகே அளக்க வேண்டும். கரிம மூலக்கூறுகளிடமிருந்து இரும்பு விடுபட அவ்வளவு காலம் தேவைப்படும்.

சிலிசிக் அமிலத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. ஊட்டச்சத்து மாதிரிகளை உறையவைத்துக் கரைக்குக் கொண்டுவருவது பொதுவான வழக்கம். ஆனால் துருவக் கடலின் ஆழ்நீரில் சிலிசிக் அமிலம் லிட்டருக்கு 100 மைக்ரோமோலைத் தாண்டக்கூடும். உறையும்போது அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, உருக்கிய பிறகும் உடனே பிரியாமல், அளவைக் குறைத்துக் காட்டும். இயன்றவரை கப்பலிலேயே அளப்பது நல்லது; இயலாவிட்டால் சிலிசிக் அமிலத்துக்கென்று தனி மாதிரி எடுத்து உறையவிடாமல் குளிரில் வைக்கலாம்.

கடற்பனியை ஒதுக்கிவிட்டு இந்தச் சுழற்சியை எழுத முடியாது. கடல்நீர் உறையும்போது உப்பின் பெரும்பகுதியைச் செறிந்த உப்புநீராகக் கீழே தள்ளுகிறது. அண்டார்க்டிகாவை ஒட்டிய வெடல் கடல், ராஸ் கடல் ஆகியவற்றின் கண்டத்திட்டுகளில் (கரையை ஒட்டிய ஆழங்குறைந்த பகுதிகளில்) இவ்வாறு கனமான நீர் ஆழத்துக்கு இறங்கி, கரைந்த ஆக்சிஜனையும் ஊட்டச்சத்துகளையும் உலகப் பெருங்கடல்களின் அடித்தளத்துக்குக் கொண்டுசெல்கிறது. உப்பை வெளியேற்றும் அதே பனி இரும்பைச் சேமித்து வைக்கிறது என்பதுதான் வியப்பு. பனிக்குள் இருக்கும் இரும்பின் அடர்வு கீழேயுள்ள நீரைவிடப் பத்து மடங்கு, சில இடங்களில் நூறு மடங்கு வரை காணப்படுகிறது. வசந்தத்தில் பனி உருகும்போது, வெளிச்சம் கிடைக்கத் தொடங்கும் அதே வாரங்களில், இது நுண்பாசிகளுக்குக் கிட்டுகிறது. பனித்தண்டுகளை வெட்டி உருக்கும்போது, உள்ளிருக்கும் பாசிகள் திடீர் உவர்ப்பு மாற்றத்தால் வெடித்துத் தம்மிடமுள்ளதை நீரில் கொட்டிவிடும் என்பதை நினைவில் வைத்து, உயிரியல் அளவீடுகளுக்கான துண்டுகளை வடிகட்டிய கடல்நீர் சேர்த்து இருளில், குளிரில் மெதுவாக உருக்க வேண்டும்.

எண்கள் கைக்கு வந்த பிறகு முதலில் செய்ய வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. குளிர்கால நீரின் அளவைத் தொடக்க இருப்பாகக் கொண்டு, கோடை மேலடுக்கின் அளவை அதிலிருந்து கழித்தால், அந்தப் பருவத்தில் உயிரினங்கள் எடுத்துக்கொண்டது தெரியும். எடுத்துக்காட்டாக, குளிர்கால நீரில் நைட்ரேட் லிட்டருக்கு 30 மைக்ரோமோல், உப்புத்தன்மை 34.2 என்றும், மேலே 50 மீட்டர் தடிமனுள்ள அடுக்கில் நைட்ரேட் 25, உப்புத்தன்மை 33.5 என்றும் வைத்துக்கொள்வோம். 30-லிருந்து 25-ஐ நேரடியாகக் கழித்து 5 என்று எழுதிவிடக் கூடாது. உருகிய பனி நீர்த்துப்போகச் செய்ததும் அதில் கலந்திருக்கிறது. 25-ஐ 34.2-ஆல் பெருக்கி 33.5-ஆல் வகுத்தால் 25.52 கிடைக்கும், உண்மையான குறைவு ஏறத்தாழ 4.48 மட்டுமே. 50 மீட்டருக்கும் கூட்டினால் ஒரு சதுர மீட்டருக்கு 224 மில்லிமோல் நைட்ரேட். பாசிகளில் ஒரு பாஸ்பரஸுக்கு 16 நைட்ரஜன், 106 கார்பன் என்ற ரெட்ஃபீல்டு விகிதத்தைப் பயன்படுத்தினால், அது சுமார் 18 கிராம் கார்பன். திருத்தம் செய்யாதிருந்தால் ஏறத்தாழ 20 கிராம் என்று தவறாக எழுதியிருப்போம். அந்த விகிதத்தையும் கண்மூடி நம்பிவிடலாகாது: ராஸ் கடலில் சிலிக்கா ஓடு கொண்ட நுண்பாசிகளான டையாட்டங்கள் ஒரு பாஸ்பரஸுக்கு 10 அளவிலும், ஃபியோசிஸ்டிஸ் என்ற பாசி 19 அளவிலும் நைட்ரஜனை எடுப்பது பதிவாகியுள்ளது. எந்தப் பாசி ஓங்கியிருந்தது என்று நுண்ணோக்கியில் பார்க்காமல் விகிதத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

பிறகு இரண்டு தனிமங்களை எதிரெதிராக வைத்து வரைந்து பாருங்கள். ஒரு தனிமம் தனியாகச் சொல்லாததை இணை சொல்லிவிடும். இரும்பு போதுமான அளவு கிடைத்தால் டையாட்டம் சிலிக்கானையும் நைட்ரஜனையும் ஏறத்தாழச் சமமாக எடுக்கும். இரும்பு பற்றாதபோது நைட்ரஜனைவிடச் சிலிக்கானை இரண்டு மூன்று மடங்கு மிகுதியாக எடுத்து ஓட்டைத் தடிமனாக்கும். எனவே ஆழ்நீர் மேலேறி வடக்கு நோக்கி நகர நகர, நைட்ரேட் மிஞ்சியிருக்கும்போதே சிலிசிக் அமிலம் தீர்ந்துவிடுகிறது. இந்திய, ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2009-இல் நடத்திய லோஹாஃபெக்ஸ் சோதனையில் இரும்பு சேர்த்தும் டையாட்டங்கள் பெருகாததற்கு இதுவே காரணம். இப்படிச் சிலிக்கானை இழந்த நீர்தான் கீழிறங்கி வெப்பமண்டலக் கடல்களின் நடு ஆழத்துக்குப் போய்ச் சேர்கிறது. உலகெங்கும் துத்தநாகத்தின் ஆழ வரைபடம் சிலிக்கானின் வரைபடத்தைப் போலவே இருப்பதற்கும் இதே கடலில்தான் விடை இருக்கிறது: துத்தநாகம் டையாட்டத்தின் ஓட்டில் மிகச் சிறிதளவே உள்ளது, ஆனால் தென்பெருங்கடலின் மேற்பரப்பில் இரண்டும் ஒன்றாகவே உறிஞ்சப்பட்டுவிடுகின்றன. ஒரே வடிவத்தைக் கண்டவுடன் ஒரே பொருளில் சேர்ந்திருக்கின்றன என்று முடிவு கட்டுவது எளிது. இந்த இணை அதற்கு நல்ல எச்சரிக்கை.

ஆர்க்டிக் கடலுக்குப் போனால் இதே முறையை அப்படியே பயன்படுத்த முடியாது. உலகக் கடல்நீரின் ஒரு சதவீத அளவே கொண்ட அந்தக் கடலுக்கு, உலக ஆற்றுநீரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வந்து சேர்கிறது. உப்புத்தன்மை குறைந்திருந்தால் அது பனி உருகியதாலா, சைபீரியாவின் லேனா, ஒப் போன்ற ஆறுகளாலா என்று உப்புத்தன்மையை வைத்து மட்டும் சொல்ல இயலாது. நீரிலுள்ள ஆக்சிஜன்-18 விகிதத்தை அளந்தால் இரண்டையும் பிரிக்கலாம், ஏனெனில் அந்த ஆறுகளின் நீர் இந்தக் கனமான ஓரகத்தனிமத்தில் (ஐசோடோப்பில்) மிகவும் குறைந்திருக்கும். கடற்பனியின் நீரோ கடல்நீரை ஒத்திருக்கும். ஆற்றுவழி வந்த கரிமப் பொருள்கள் இரும்பைப் பற்றிக்கொண்டு, துருவத்தின் குறுக்கே ஓடும் நீரோட்டத்தில் நடுக்கடல் வரை கொண்டுசெல்வதால், அங்கே மேற்பரப்பு இரும்பு தெற்கைவிட மிகுதி. பேரிங் நீரிணை வழியாக வரும் பசிபிக் நீரை, அதில் பாஸ்பேட்டுக்கு ஒப்ப நைட்ரேட் குறைந்திருப்பதை வைத்து அடையாளம் காணலாம். ஆழமற்ற திட்டுகளின் சேற்றில் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை வாயுவாக்கிவிடுவதே அந்தக் குறைவுக்குக் காரணம்.

குளிர்காலத்தைக் கப்பலால் நெருங்குவது கடினம். நம் கையிலுள்ள அளவீடுகளில் பெரும்பாலானவை கோடையின் அளவீடுகளே. 2014 முதல் தென்பெருங்கடலில் விடப்பட்டுவரும் தானியங்கி மிதவைகள் பத்து நாளுக்கொரு முறை ஆழத்திலிருந்து ஏறி நைட்ரேட், ஆக்சிஜன், பிஎச் ஆகியவற்றை அளக்கின்றன. மேலே பனி இருப்பதை வெப்பநிலையால் உணர்ந்தால் ஏறாமல் திரும்பி, பனி விலகிய பின் சேமித்தவற்றை அனுப்புகின்றன. பனிக்கடியில் அவை இருந்த இடம் கணித்துப் பெறப்பட்டது என்பதால், அந்த மாதங்களின் புள்ளிகளை வரைபடத்தில் வேறு குறியீட்டால் காட்டுங்கள். மிதவையின் நைட்ரேட் உணரியை, அதை விட்ட அன்று அதே இடத்தில் எடுத்த குடுவை மாதிரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த மிதவைகளில் இரும்பை அளக்கும் உணரி இல்லை. அதற்கு இன்றும் அமிலத்தில் வாரக்கணக்கில் ஊறிய போத்தலும் இரண்டு ஜோடிக் கைகளும்தான் வேண்டும்.