கென்டோவில் கை வைக்காதீர்கள்: நீர்வண்ண மரஅச்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரஅச்சு பழகும் ஒரு பெண் தன் மூன்றாம் நிறப் பலகையைக் கொண்டுவந்து காட்டினார். தாளைப் பொருத்தி வைப்பதற்கான கென்டோ பள்ளத்தை ஒரு மரச்சில்லால் அடைத்து, மறுபடி வெட்டி, அதையும் அடைத்து இன்னொரு முறை வெட்டியிருந்தார். "எத்தனை தடவை சரிசெய்தாலும் சிவப்பு கோட்டுக்கு வெளியே போகிறது" என்றார். அவர் அச்சடித்துக்கொண்டிருந்த தாளை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. பல வருடங்களுக்கு முன் நானும் இதே உளியோடு, இதே குழப்பத்தோடு நின்றிருக்கிறேன்.

படத்தை இடவலம் மாற்றி வரைய மறப்பது, உளி போகும் வழியில் மறு கையை வைப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை ஒரு முறை நடந்தால் பிறகு மறக்காது. காரணமே தெரியாமல் திரும்பத் திரும்ப நடப்பவைதான் ஆளைச் சோர வைக்கின்றன.

தாள் சுருங்கியதற்குப் பலகையை வெட்டுவது

நீர்வண்ண மரஅச்சில் தாள் ஈரமாக இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஈரம் முதல் நிறத்திலிருந்து கடைசி நிறம் வரை ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

ஈரம் பட்டால் தாளின் நார்கள் உப்பும். நீளத்தைவிடக் குறுக்கே அதிகமாக உப்பும் என்பதால், நார் எந்தத் திசையில் ஓடுகிறதோ அதற்குக் குறுக்கே தாள் கூடுதலாக விரியும். காய்ந்தால் அதே திசையில் சுருங்கும். சந்தேகம் இருந்தால் உங்கள் தாளில் ஒன்றை உலர்ந்த நிலையில் அளந்து, இரவு முழுக்க ஈரத்தில் வைத்து, காலையில் மறுபடி அளந்து பாருங்கள். நான் பயன்படுத்தும் கோசோ என்ற ஜப்பானிய மரப்பட்டை நார்த் தாளில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தது. நான் செதுக்கும் கோட்டின் கனமோ அரை மில்லிமீட்டர்தான். அதைத் தாண்டி நிறம் வெளியே தெரியாமல் எப்படி இருக்கும்?

எனக்கு நடந்தது இது. ஐந்து பலகை, இருபது தாள். காலையில், படத்தின் கோடுகளை மட்டும் பதிக்கும் கோட்டுப் பலகையும் மஞ்சளும் அச்சாகிவிட்டன. தலைக்கு மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அச்சான தாள்களை மேசையில் திறந்தபடியே அடுக்கி வைத்திருந்தேன். மதியம் நீலத்தை எடுத்தபோது வலது ஓரத்தில் ஒரு வெள்ளைக் கீற்று தெரிந்தது. கென்டோ தப்பாகிவிட்டது என்று முடிவுகட்டி வெட்டினேன். இரண்டு தாள் பொருந்தியது, மூன்றாவது பொருந்தவில்லை. மறுபடி வெட்டினேன். தாள் காய்ந்துவிட்டதோ என்ற எண்ணம் கடைசியாகத்தான் வந்தது. உடனே தெளிப்பானை எடுத்து அச்சின் மேலேயே நீரைத் தெளித்தேன். துளி விழுந்த இடமெல்லாம் தாள் கொப்பளித்து எழும்பியது. மஞ்சள் கோட்டைத் தாண்டிக் கசிந்தது. இருபதில் ஒன்றுகூடத் தேறவில்லை. அடுத்த வாரம் முறையாக ஈரமாக்கிய புதுத் தாளில் அடித்துப் பார்த்தால், நான் 'திருத்திய' நீலப் பலகை மட்டும் பொருந்தவில்லை. திருத்தாத மற்ற நான்கும் கச்சிதமாக உட்கார்ந்தன. நல்லாயிருந்த பலகையை என் கையாலேயே கெடுத்திருக்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

எடோவில் (இன்றைய டோக்கியோ) 1765 வாக்கில் ஓவியர் ஹருனோபு காலத்துப் பலவண்ண அச்சுகள் வந்தபோது, அத்தனை பலகைகளையும் ஒன்றோடொன்று பொருத்தியது மூலையில் ஒரு பள்ளம், விளிம்பில் ஒரு பள்ளம், அவ்வளவுதான். கென்டோ அவ்வளவு நம்பகமானது. ஆகவே அதில் உளி வைக்குமுன் விலகலை உற்றுப் பாருங்கள். படம் முழுக்க ஒரே பக்கமாக, ஒரே அளவு விலகியிருந்தால் கென்டோவையோ நீங்கள் தாள் வைத்த விதத்தையோ சந்தேகிக்கலாம். கென்டோ மூலைக்குப் பக்கத்தில் சரியாகப் பொருந்தி, தூரம் போகப் போக விலகல் கூடினால் அது தாளின் வேலை. உளியைக் கீழே வையுங்கள்.

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். முந்தின மாலையே எதுவும் அச்சிடாத செய்தித்தாள் காகிதத்தை அகலமான பிரஷால் நனைத்து, ஒவ்வொரு நனைந்த காகிதத்துக்கும் நடுவில் இரண்டு அச்சுத் தாள் வீதம் அடுக்குவேன். முழு அடுக்கையும் பிளாஸ்டிக்கில் சுற்றி, மேலே ஒரு பலகை வைத்துவிட்டால் இரவுக்குள் ஈரம் எல்லாத் தாளுக்கும் சமமாகப் போய்ச் சேரும். காலையில் ஒரு தாளை உருவிக் கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும், ஆனால் கன்னம் நனையக் கூடாது. வெளிச்சத்தில் சாய்த்தால் எங்கும் மினுங்கக் கூடாது. மூலையைப் பிடித்துத் தூக்கினால் துணி மாதிரித் தொங்க வேண்டும். மினுங்கினால் ஈரம் அதிகம், உலர்ந்த காகிதத்துக்கு நடுவே கொஞ்ச நேரம் வைத்துவிட்டுத்தான் தொடங்குவேன்.

அச்சடிக்கும்போது அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்து, அடித்த கையோடு இன்னொரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடிவிட வேண்டும். மின்விசிறி நிற்கட்டும். நடுவில் காய்வதுபோலத் தெரிந்தால், அச்சின் மேல் தெளிக்காமல், நனைத்துப் பிழிந்ததுபோன்ற ஒரு காகிதத்தை அடுக்குக்குள் செருகிக் காத்திருங்கள். வேலை அடுத்த நாளுக்குப் போனால் அடுக்கைப் பிளாஸ்டிக்கோடு குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வெளியே விட்டால் பூஞ்சை வரும்.

இதே தவறு வேறு உருவிலும் வரும். கோட்டுப் பலகையிலிருந்து ஈரத் தாளில் ஒரு படி எடுத்து, அதைக் காயவைத்து, நிறப் பலகையில் ஒட்டிச் செதுக்குவார்கள். சுருங்கிய படியை வைத்துச் செதுக்கிய பலகை எப்போதும் சின்னதாகவே இருக்கும், அதற்கு மாற்றே கிடையாது. நான் மைலர் என்னும் விரியாத பிளாஸ்டிக் தாளில் கோட்டை எடுத்து, ஈரம் காயுமுன் நேராக நிறப் பலகையில் பதித்துவிடுகிறேன்.

பசையை அள்ளிப் போடுவது

அச்சில் எள் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் வந்தால் ஜப்பானியர்கள் அதை கோமாசூரி என்பார்கள். 'கோமா' என்றால் எள்தான். அதைப் பார்த்ததும் எல்லோரும் நிறத்தோடு சேர்க்கும் அரிசிப் பசையைக் கூட்டுகிறார்கள். பசை குறைந்தாலும் அப்படி வரும், உண்மைதான். ஆனால் தாள் காய்ந்திருந்தாலும் வரும், தாளின் முதுகில் தேய்க்கும் வட்டத் தட்டான பாரெனை அழுத்தாமல் தடவினாலும் வரும். முதலில் தாளைத் தொட்டுப் பாருங்கள், பிறகு தோளின் எடையைப் பாரெனில் இறக்கிப் பாருங்கள். இரண்டுக்கும் மசியவில்லை என்றால் மட்டும் ஒரு பயறளவு பசை கூட்டுங்கள். பசை மிஞ்சினால் பிரஷின் கோடுகள் அப்படியே அச்சில் ஏறும். தாளைத் தூக்கும்போது நார் பிய்ந்து பலகையிலேயே ஒட்டிக்கொள்ளும்.

முதல் மூன்று தாளைப் பார்த்துப் பதறுவது

காய்ந்த மரம் நிறத்தைக் குடிக்கும். தொடங்குமுன் ஈரத் துணியால் பலகையைத் துடையுங்கள், முதல் மூன்று நான்கு அச்சைச் சாதாரணத் தாளில் அடியுங்கள். வெளிறித்தான் வரும். அதைப் பார்த்து நிறமியைக் கூட்டினால் ஆறாவது தாளிலிருந்து எல்லாம் அடர்ந்துவிடும்.

ரோலர்

எண்ணெய் மைக்கு. இங்கே பிரஷ்தான்.

வாங்கிய பிரஷை அப்படியே பலகையில் வைப்பது

குதிரை மயிர் பிரஷின் நுனி புதிதில் விறைப்பாக இருக்கும். ஜப்பானில் அதைச் சுறாத்தோலில் உரசி நுனிகளைப் பிளந்து மென்மையாக்குவார்கள். சுறாத்தோல் இல்லாவிட்டால் நீர் தொட்டுத் தேய்க்கும் உப்புக்காகிதமும் போதும், பொறுமைதான் வேண்டும். வானம் மேலிருந்து கீழே மெல்ல வெளிறிப் போகும் பொகாஷியைப் பழகுபவர்களுக்கு இது மிக முக்கியம். விறைத்த பிரஷில் அந்த மாற்றம் படிப்படியாக வெட்டுண்டு தெரியும். நிறம் சரியில்லை என்று நினைத்து நான் இரண்டு வருடம் நீலத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேன். பிரஷை உரசிய அன்றே வானம் சரியாகிவிட்டது.

அகலமான வெற்றிடத்தை மேலோட்டமாகச் செதுக்குவது

ரோலர் மேட்டை மட்டும் தொட்டுப் போகும். பிரஷ் பள்ளத்துக்குள்ளும் இறங்கும். ஈரத் தாளோ பாரெனின் அழுத்தத்தில் தொய்ந்து அந்தப் பள்ளத்தைத் தொடும். கோடுகளுக்கு இடையே ஆழம் குறைவாக இருந்தால் பரவாயில்லை. இடைவெளி அகலமாக ஆக ஆழத்தையும் கூட்டிக்கொண்டே போங்கள்.

பலகையை வெயிலில் காயவைப்பது

வளைந்துவிடும். நிழலில், நிமிர்த்தி வையுங்கள்.

முடிந்த அச்சைத் தொங்கவிடுவது

நாள் முழுக்கச் சமமாகக் காத்த ஈரத்தைக் கடைசி ஒரு மணி நேரத்தில் கோட்டைவிடுகிறார்கள். கொடியில் தொங்கும் தாளின் ஓரம் முதலில் காயும், நடுப்பகுதி பின்னால் காயும், தாள் அலையலையாக நெளிந்துவிடும். உறிஞ்சும் அட்டைகளுக்கு நடுவே ஒவ்வொன்றாக வைத்து, மேலே கனமான பலகை ஏற்றுங்கள். அட்டைகளை முதல் நாள் இரண்டு முறை மாற்றுங்கள், பிறகு தினம் ஒரு முறை. கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி துளியும் தெரியாத அன்றைக்கு வெளியே எடுக்கலாம்.